சேற்றுக்கும் ஒரு வேகம் உண்டு

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்துப் போட்டுகள் கரையில் கிடக்கும். கடலுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். நேரம் நெருங்கினால் மணலில் நின்று வடக்கே பார்க்கலாம். முதலில் வெளிச்சம் எழும்பும். சத்தம் வந்து சேர ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். அதற்குள் ராக்கெட் எங்கோ போயிருக்கும். ஏவுதளம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளியிருக்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர்தான் நகரும். பள்ளிப் பிள்ளைகள் போடக்கூடிய கணக்கு.

காற்றைப் போலவே ஒவ்வொரு பொருளுக்கும் தன் வழியே அதிர்வைக் கடத்த ஒரு வேகம் உண்டு. கருங்கல் பரப்பில் அதிர்வலை நொடிக்குச் சில கிலோமீட்டர் ஓடும். இறுகிய மணலில் ஓரிரு நூறு மீட்டர். நீர் ஊறி இளகிக் கிடக்கும் களிமண்ணில், மிக மோசமான இடங்களில், வெறும் 40 அல்லது 50 மீட்டர். மணிக்கு என்று கணக்கிட்டால் 144 முதல் 180 கிலோமீட்டர். அதைவிட வேகமாக ஓடும் ரயில்கள் 1964-இல் ஜப்பானில் ஷிங்கான்சென் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கின்றன. அப்படியொரு ரயில் இப்படியொரு சேற்றின் மேல் ஓடினால் என்ன ஆகும்?

பழவேற்காட்டுப் பக்கம் இந்தக் கேள்விக்கு இப்போது வேலை வந்திருக்கிறது. 2026-27 மத்திய பட்ஜெட்டில் ஏழு அதிவேக ரயில் தடங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் இரண்டு சென்னையைத் தொடுகின்றன: ஒன்று பெங்களூருக்கு, இன்னொன்று ஹைதராபாத்துக்கு. இன்று ஓர் இரவை விழுங்கும் ஹைதராபாத் பயணம் மூன்று மணி நேரத்துக்குள் முடியும் என்கிறார்கள். முதலில் பேசப்பட்ட தடம் கூடூர் வழி. அது வந்திருந்தால் நாயுடுப்பேட்டை, சூலூர்ப்பேட்டை, தடா என்று பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையை ஒட்டியே இறங்கியிருக்கும். திருப்பதியைச் சேர்க்கச் சொல்லித் தமிழக அரசு கேட்டது. 2025-இல் வெளிவந்த வரைவில் கோடு மேற்கே நகர்ந்தது. திருமலைக்குப் போகும் பக்தர்களுக்காக எடுத்த முடிவு, அதைக் கேட்காத ஏரிப் பூநாரைகளுக்கும் ஓரளவு உதவியிருக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டுக்குள் சென்ட்ரல் தவிர இன்னொரு நிலையம் திட்டமிடப்பட்டிருப்பது வெளிவட்டச் சாலை அருகே, மீஞ்சூரில். மீஞ்சூர் பொன்னேரிக்குப் பக்கத்து ஊர். பழவேற்காட்டு நண்டும் இறாலும் சென்னைக்குப் போகும் வழி.

சேற்றுக்கு வருவோம். ஏரியில் ஃபைபர் போட் மெதுவாகப் போகும்போது அதன் அலைகள் எல்லாப் பக்கமும் பரவி, போட்டுக்கு முன்னாலும் ஓடும். எஞ்சினை முறுக்கி வேகம் கூட்டினால் ஒரு கட்டத்தில் போட் தன் அலைகளையே முந்திவிடும். முந்தப்பட்ட அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பின்னால் இரு பக்கமும் ஆப்புபோல விரிந்து, கரையில் கட்டியிருக்கும் சின்ன ஓடங்களைத் தூக்கிப் போடும். ரயிலின் அடியிலும் இதுவே நடக்கிறது. ஒவ்வொரு சக்கரமும் மண்ணை அழுத்துகிறது, அழுத்தம் அலையாகப் பரவுகிறது. ரயிலின் வேகம் மண்ணின் அலை வேகத்துக்குக் கீழே இருக்கும்வரை அலைகள் கலைந்து போய்விடும். அந்த வேகத்தை எட்டும்போதுதான் சிக்கல்: ஒவ்வொரு சக்கரமும் முந்தைய சக்கரம் எழுப்பிய அலையின் தலைமேலேயே ஏறிக்கொண்டு போகிறது.

பிரிட்டனில் பணியாற்றிய இயற்பியலாளர் விக்டர் கிரைலோவ் 1990-களின் நடுவில் இதைத் தாளில் கணக்கிட்டுக் காட்டினார். ரயில்வேக்காரர்கள் பலருக்கு அது கணிதக்காரரின் கவலையாகத்தான் தெரிந்திருக்கும். அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1997-இல் சுவீடனின் மேற்குக் கடற்கரைப் பாதையில், கோத்தன்பர்க்குக்குத் தெற்கே லெட்ஸ்கோர்ட் என்ற இடத்தில், எக்ஸ்2000 ரயில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கியதும் தண்டவாளமும் சுற்றியிருந்த தரையும் அதிர்ந்தன. அதே ரயில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தரை சில மில்லிமீட்டர்தான் அமுங்கியது. 200-இல் அது பல மடங்காகி, மேலும் கீழுமாக அலையடித்தது. கீழே தோண்டிப் பார்த்தால் மக்கிய உயிர்ப்பொருள் கலந்த களிச்சேறு. அதன் அலை வேகம் நொடிக்கு ஏறத்தாழ 40 மீட்டர். ரயிலோ 55 மீட்டரில் போய்க்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்தார்கள், பிறகு தண்டவாளத்துக்கு அடியில் சுண்ணாம்பையும் சிமென்டையும் சேற்றோடு கலந்து தூண் தூணாக இறுக்கி, மண்ணின் வேகத்தை உயர்த்தினார்கள். மண்ணின் வேகத்தை உயர்த்துவது என்ற பொறியியல் வேலை அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

இப்போது கட்டப்பட்டுவரும் மும்பை–அகமதாபாத் அதிவேகத் தடத்தில் ரயில் ஓடவிருக்கும் வேகம் 320 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 89 மீட்டர். லெட்ஸ்கோர்ட் ரயிலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல்.

பழவேற்காட்டின் தரை எப்படிப்பட்டது? புவியியல் கணக்கில் அது நேற்றுப் பிறந்த குழந்தை. கடைசிப் பனியுகம் முடிந்து கடல் மட்டம் ஏறி, இன்றைய அளவுக்கு வந்து சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. ஏறிய கடல் தாழ்ந்த நிலத்துக்குள் புகுந்தது. அலைகள் மணலைக் குவித்துத் திட்டுகளை எழுப்பின. உள்ளே அகப்பட்ட நீர்தான் ஏரி. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் கொண்டுவந்த வண்டல் அந்த அமைதியான நீரில் படிந்தது. மேலே ஏறி மிதித்து இறுக்க எதுவும் இல்லாததால் அது இன்னும் இளகியே இருக்கிறது. பெரும்பகுதியில் ஏரி ஒரு மீட்டர் ஆழத்தைச் சுற்றித்தான் இருக்கும். அந்த ஆழமில்லா நீரும் அடிச்சேறும் இருப்பதால்தான் பூநாரைகள் வருகின்றன. காலால் சேற்றைக் கிளறி, தலையைக் கவிழ்த்து, அலகால் வடிகட்டித் தின்னும் பறவை அது. பொறியாளருக்குத் தலைவலி தரும் அதே அடுக்கை நம்பித்தான் அது வலசை வருகிறது.

இளகிய களிமண்ணின் மீது மண்கரை எழுப்பித் தண்டவாளம் போட்டால் இன்னொரு சங்கடம் வரும். அது மெதுவாக வரும். களிமண்ணின் துகள்களுக்கு இடையே நீர் நிறைந்திருக்கிறது. மேலே பாரம் ஏற்றினால் அந்த நீர் வெளியேறி, மண் அமுங்க வேண்டும். ஆனால் களிமண்ணில் நீர் நகர்வது நத்தை வேகம். கார்ல் டெர்சாகி 1920-களில் இதற்கு எழுதிய சமன்பாடு இன்றும் மண் பொறியியலின் அரிச்சுவடி. அதன்படி அமுங்க ஆகும் காலம் களிமண் அடுக்கின் தடிப்பின் இருமடிக்கு ஏற்ப நீளும். ஐந்து மீட்டர் அடுக்கு இரண்டு ஆண்டில் அமுங்கி முடியும் என்றால், அதே மண் பத்து மீட்டர் இருந்தால் எட்டு ஆண்டு. ஜப்பானின் கன்சாய் விமான நிலையம் 1994-இல் திறக்கப்பட்டது. கடலைத் தூர்த்து எழுப்பிய அந்தத் தீவு இதுவரை பத்து மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது, இன்னும் தாழ்கிறது. விமான நிலையம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஜல்லி இல்லாமல் கான்கிரீட் பலகைமேல் பதிக்கும் அதிவேகத் தண்டவாளம் தாங்காது. கட்டி முடித்த பிறகு 15 மில்லிமீட்டருக்கு மேல் தரை அமுங்கக் கூடாது என்பது சீனர்கள் வைத்திருக்கும் அளவு. ஒரு விரல் தடிமன்.

ஆகவே பாதை தரையைவிட்டு மேலே ஏறுகிறது. மும்பை–அகமதாபாத் தடத்தின் 508 கிலோமீட்டரில் சுமார் 460 கிலோமீட்டர் மேம்பாலம். மண்கரை 13 கிலோமீட்டர்கூட இல்லை. களிமண்ணைத் துளைத்துக் கீழே கெட்டித் தரையில் ஊன்றிய பைல்களின் மேல் தூண், தூணின் மேல் விட்டம். 40 மீட்டர் நீளமும் 970 டன் எடையும் உள்ள முழு விட்டத்தை யார்டில் வார்த்து, ஏற்கெனவே போட்ட விட்டங்களின் மேலேயே சக்கர வண்டியில் கொண்டுபோய், அடுத்த இரு தூண்களில் இறக்கிவைக்கிறார்கள். துண்டு துண்டாகக் கோப்பதைவிட இது ஏறத்தாழ பத்து மடங்கு வேகம். 2025 மே மாதத்தில் 300 கிலோமீட்டர் மேம்பாலம் முடிந்தபோது அதில் 257 கிலோமீட்டர் இந்த முறையில் எழுந்தது.

அத்தனை வேகமாக விட்டம் வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஏன் இவ்வளவு தாமதம்? 2017 செப்டம்பர் 14 அன்று அடிக்கல் நாட்டியபோது சொன்ன கெடு 2022, 2023. இப்போது சூரத் பக்கத்து முதல் பகுதி 2027 ஆகஸ்டில், முழுத் தடமும் 2029 டிசம்பரில் என்கிறார்கள். முதலில் சொன்ன செலவு 1.08 லட்சம் கோடி ரூபாய். இப்போது பேச்சு இரண்டு லட்சம் கோடியை ஒட்டி நடக்கிறது. தேவைப்பட்ட 1,389 ஹெக்டேர் நிலமும் கைக்கு வந்து முடிந்தது 2024 ஜனவரியில்தான். என் கணிப்பில், இந்தக் கதையில் இயந்திரம் தாமதப்படுத்திய நாட்கள் குறைவு, நிலம் தாமதப்படுத்திய நாட்களே அதிகம். ரயிலை நாமே செய்யவும் தொடங்கிவிட்டோம்: மணிக்கு 280 கிலோமீட்டருக்கு வடிவமைக்கப்படும் இரண்டு ரயில்களுக்கு, பெரம்பூர் ஐ.சி.எஃப். 2024 அக்டோபரில் பெங்களூரு பெமல் நிறுவனத்துக்கு 866.87 கோடி ரூபாய் ஒப்பந்தம் கொடுத்தது. தரையை எந்த ஆலையிலும் செய்ய முடியாது.

  

ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் என்ன என்று கேட்கலாம். சாதாரண ரயிலுக்கு அது முடியும். சென்னை–கூடூர் பாதை மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்துக்கு உரியது; அந்த வேகத்தில் வளைவின் ஆரம் ஒரு கிலோமீட்டரைச் சுற்றி இருந்தால் போதும். வளைவில் பயணியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. 130-இலிருந்து 350-க்குப் போனால் வேகம் 2.7 மடங்கு, ஆரம் ஏழு மடங்குக்கு மேல். மும்பை–அகமதாபாத் தடத்தின் வளைவு ஆரம் 6,000 மீட்டர். இப்படிப்பட்ட கோடு ஒரு குளத்துக்காகவோ கோயிலுக்காகவோ குப்பத்துக்காகவோ ஒதுங்காது. ஒதுங்க வேண்டுமானால் பத்து இருபது கிலோமீட்டர் முன்பே ஒதுங்கத் தொடங்க வேண்டும். அதனால்தான் வரைவு நிலையிலேயே எல்லாம் முடிவாகிவிடுகிறது.

நேராகப் போய்த்தான் தீர வேண்டும் என்ற நிலையில் இரு நாடுகள் இரு வழி கண்டன. சீனாவில் 2011-இல் திறந்த பெய்ஜிங்–ஷாங்காய் தடத்தில், யாங்சி ஆற்றின் வண்டல் நிலத்தில், வயலும் வாய்க்காலும் ஏரியுமாகக் கிடக்கும் பகுதி முழுவதையும் 164 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரே பாலத்தால் கடந்தார்கள். உலகின் மிக நீளமான பாலம் அதுதான். அதில் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் யாங்செங் ஏரியின் மேல் போகிறது. நண்டுக்குப் பேர்போன ஏரி. ஷாங்காய்க்காரர்கள் அந்த நண்டைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் பழவேற்காட்டுக்காரர்கள் தங்கள் நண்டை நினைத்துச் சிரிப்பார்கள்.

இன்னொரு வழி மும்பையில். பாந்த்ரா–குர்லா வளாகத்திலிருந்து ஷில்பாட்டா வரை 21 கிலோமீட்டர் சுரங்கம். அதில் ஏழு கிலோமீட்டர் தானே கழிமுகத்தின் அடியில். மேலே இருப்பது 2015-இல் அறிவிக்கப்பட்ட பூநாரைச் சரணாலயம். 2022-இல் அது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சரணாலயத்துக்கும் அலையாத்திக்கும் கேடு குறைய வேண்டும் என்றுதான் பாதையைக் கீழே இறக்கினார்கள். அடியில் இருக்கும் பாறை எப்படிப்பட்டது என்று அறிய நீருக்குள் ஒலி அலைகளை அனுப்பி, எந்த அடுக்கு எவ்வளவு வேகத்தில் அவற்றைத் திருப்புகிறது என்று அளந்தார்கள். அங்கேயும் கேள்வி மண்ணின் வேகம்தான். கன்சோலி–ஷில்பாட்டா இடையே வெடிவைத்துக் குடைந்த ஐந்து கிலோமீட்டர் பகுதி 2025 செப்டம்பரில் இரு பக்கமும் சந்தித்தது. மீதி 16 கிலோமீட்டரை 13 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள துளை இயந்திரம் குடைய வேண்டும். சுரங்கம் போட்டும் எல்லாம் தப்பவில்லை. தடத்தின் பிற பகுதிகளில் வெட்ட வேண்டிய அலையாத்தி மரங்கள் முதலில் 53,467 என்றிருந்தன; வடிவத்தைத் திருத்திய பிறகு சுமார் 22,000 ஆகக் குறைந்தன. அதற்கு மும்பை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் அனுமதி தந்தது. கேள்வி எழும்பியதால் முப்பதாயிரம் மரங்கள் நின்றன என்று நான் வாசிக்கிறேன்.

சத்தத்தைப் பற்றி ஒரு வரி. தண்டவாளத்தில் சக்கரம் உருளும் ஓசையின் ஆற்றல் வேகத்தின் மும்மடியாக ஏறும். காற்றைக் கிழிக்கும் ஓசையோ ஆறாம் மடியாக. 130-இலிருந்து 320-க்குப் போனால் இரண்டாவது வகை ஓசையின் ஆற்றல் இருநூறு மடங்குக்கு மேல். குஜராத்தில் பாலத்தின் இரு பக்கமும் இரண்டு மீட்டர் உயரக் கான்கிரீட் தடுப்புகள் வைப்பது இதற்காகத்தான்.

மீஞ்சூருக்கு நெருக்கமான பாடம் மும்பையிலோ ஷாங்காயிலோ இல்லை, தைவானில் இருக்கிறது. அங்கே அதிவேகத் தடம் 2007-இல் ஓடத் தொடங்கியது. யுன்லின் மாவட்டத்தில் அது பாலத்தின் மேல்தான் போகிறது. பைல்கள் ஆழமாகத்தான் இறங்கியிருக்கின்றன. ஆனாலும் தூண்கள் தாழ்ந்தன. காரணம் ரயில் அல்ல. வயலுக்கும் மீன் பண்ணைக்குமாக அந்த மாவட்டம் பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் இருக்கும் நீரும் மேலே உள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அதை எடுத்துவிட்டால் முழுப் பாரமும் துகள்களின் மேல் இறங்கி மண் அமுங்கும். அமுங்கும் மண் தன்னோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பைலையும் கீழே இழுக்கும். தூண் மண்ணைத் தாங்கத் தொடங்கிவிடுகிறது என்றே சொல்லலாம். கடைசியில் அரசு பல நூறு ஆழ்குழாய்க் கிணறுகளை மூட வேண்டி வந்தது. ரயில் வந்து கிணற்றை மூடிய ஊர் அது.

மீஞ்சூர் நிலத்தடி நீர் அறிஞர்களிடையே உலகப் பெயர் பெற்ற ஊர், கெட்ட காரணத்துக்காக. 1960-களின் இறுதியிலிருந்து சென்னையின் தாகத்துக்கும் ஆலைகளுக்கும் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுப் பகுதிகளில் நீர் இறைக்கப்பட்டது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் நன்னீர் போன இடத்தைக் கடல் நீர் பிடித்தது; உப்பு பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. கடல் நீரைக் குடிநீராக்கும் தமிழகத்தின் முதல் பெரிய ஆலை, நாளொன்றுக்கு பத்துக் கோடி லிட்டர் திறன் கொண்டது, 2010-இல் காட்டுப்பள்ளியில் வந்ததற்கும் இதுவே பின்னணி. இப்படிப்பட்ட படுகையின் மேல் 15 மில்லிமீட்டர் துல்லியத்தில் தூண் நிறுத்தப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது தைவான்காரர்களிடம்தான்.

ஏரிக்காரர்களுக்கு மண்கரை என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மண்கரையில் போகிறது. வடபகுதிக்கு நீர் தாராளமாகப் போய்வருவது அதனால் தடைபட்டது. இறால் குஞ்சு கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து வளர்ந்து திரும்பும். முகத்துவாரம் மணலடைத்தாலும் நடுவில் கரை எழுந்தாலும் உப்பின் அளவு மாறும், இறால் குறையும். எந்தக் குப்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரிக்கும் பாடு என்னும் பழைய ஏற்பாடு இருப்பதும் இந்த நீரோட்டத்தை நம்பித்தான். நீரோட்டம் போனால் பாடு இருந்து என்ன பயன்? காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை இந்தக் குப்பங்கள் எதிர்ப்பதன் அடியிலும் இதே பயம் இருக்கிறது. அதிவேக ரயிலை நான் எதிர்க்கவில்லை. பைல் மேல் நிற்கும் பாலம் மண்கரையைவிட ஏரிக்கு எவ்வளவோ நல்லது. ஆனால் பாலம் கட்டும்போது கனரக வண்டிகள் போக, சேற்றில் தற்காலிகமாக மண்சாலை போடுவார்கள். அது யாரால், எப்போது, முழுவதுமாக அகற்றப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

ஒரு சட்ட விவரமும் தெரிந்திருப்பது நல்லது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதைகள் இல்லை. நெடுஞ்சாலைக்கும் துறைமுகத்துக்கும் கட்டாயமான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ரயில் பாதைக்குக் கட்டாயமில்லை. காடு, சரணாலயம், கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதி ஆகியவற்றைத் தொட்டால் மட்டும் அந்தந்த அனுமதிகள் வேண்டும். ஆகையால் யாரும் மேளம் கொட்டி அழைக்க மாட்டார்கள். மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கத்தில் இருக்கும் வாசகர்கள் அடுத்த கிராம சபையில் இரண்டைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். ஒன்று, தடத்துக்காக எடுக்கும் மண் துளைப்பு ஆய்வின் முடிவுகள், களிமண்ணின் ஆழத்தோடும் அலை வேகத்தோடும், தமிழில். இன்னொன்று, தூண் நிற்கப்போகும் இடங்களில் நிலம் தாழ்கிறதா என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பிருந்தே அளந்த கணக்கு.